ஜன்னலில் நின்று சொன்னது

கொழும்பில் கரண்ட் என்று நாங்கள் சொல்லும் கதிர் சிகிச்சை வைத்து முடித்து, நிவித்திகலைக்குப் பக்கத்தில் நாங்கள் வேலைசெய்து குடியிருந்த தேயிலைத் தோட்டத்துக்கு அம்மா திரும்பியபோது, கர்ப்பப்பை வாயில் இருந்த புற்றுநோய் கருகிவிட்டது என்றார்கள். கருகிய சதையில் கிருமி குடியேறும் என்பதை யாரும் சொல்லவில்லையா, சொன்னது அம்மாவுக்கு விளங்கவில்லையா, தெரியாது.

தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் வாடை வரத் தொடங்கியது. அம்மா இரண்டு வேளையும் சாம்பிராணி போட்டார். எல்லோரும் குளித்துவிட்டுப் போனபிறகு மலைத்தண்ணீர் விழும் பீலிக்குத் தனியாகப் போய் மஞ்சள் பூசிக் குளித்தார். தீட்டு நிற்கவில்லை என்று கோயில் பக்கமே போகவில்லை. வீட்டில் பெண்பிள்ளை கிடையாது, நான் ஒரே மகன். என்னிடம் எப்படிச் சொல்வார்?

இரத்தினபுரி கிளினிக்கில் டாக்டர் சிங்களத்தில் கேட்டார். கடைத்தெருவில் சாமான் வாங்கத்தான் அம்மாவின் சிங்களம் உதவும்.

"கீழ ஏதாச்சும் படுதா, வாடை வருதான்னு கேக்குறாரும்மா." சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொல்லு தம்பி."

நான் உள்ளதைச் சொன்னேன். பஞ்சில் தொட்டெடுத்து என்ன கிருமி என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அதை நான் சொல்லி முடிக்குமுன் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். கெஞ்சினேன், கத்தினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அந்த வாரமே காய்ச்சல் ஏறியது. தோட்டத்து லொறியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெண்கள் வார்டில் என்னை விடவில்லை. பக்கத்துக் காம்பரா அக்காதான் உள்ளே போனார்; நான் வெளியே ஜன்னலோரம் நின்றேன். தாதி என்ன கேட்டாலும் இரண்டு பேரும் "காய்ச்சல், காய்ச்சல்" என்றார்கள். அவசரத்தில் நோய் விவரம் எழுதிய கிளினிக் கொப்பியும் வீட்டிலேயே கிடந்தது. மலேரியாவா என்று பார்க்க அம்மாவின் விரலைப் பிடித்துக் குத்தினார்கள். நோய் எங்கே இருக்கிறது, இவர்கள் எங்கே தேடுகிறார்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் கத்தினேன். அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய், கரண்ட் வைத்திருக்கிறது, கீழே சீழ் போகிறது, நாறுகிறது. வார்டு முழுக்க அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. தாதி ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார். சேலைன் ஏற்றி ஊசி போட்டார்கள். கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது, பிந்திவிட்டீர்கள் என்றார் டாக்டர்.

நோயாளிகளைப் பார்க்கும் நேரத்தில் உள்ளே விட்டார்கள். அம்மா போர்வையை முகத்துக்கு மேல் இழுத்து மூடியிருந்தார். "அம்மா" என்றேன். உள்ளேயிருந்து அக்காவிடம் மட்டும் சொன்னார்:

"அவனப் போகச் சொல்லு தாயி."

அதற்குப் பிறகு அம்மா யாரிடமும் பேசவில்லை. மறுநாள் விடியமுன் போய்விட்டார்.