அண்ணியின் அக்குள் வைத்தியம்

என் அண்ணி ஒருவரை ஏற இறங்க ஒரு தடவை பார்த்தால் போதும், டேப்பைக் கையில் எடுக்கும் முன்பே இடுப்பளவைச் சொல்லிவிடுவார். அரை அங்குலம் முன்பின் இருந்தால், அந்த ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று அர்த்தம். ஆண்களுக்கான கோட்டும் சூட்டும் விற்கிற பெரிய கடை அது. அங்கே பத்தொன்பது வருடமாக, போட்டுப் பார்க்கும் அறை அவருடைய ராஜ்ஜியம். எடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வாடிக்கையாளர் கண்ணாடி முன்னால் நிற்பார். அண்ணி அவரைச் சுற்றி வந்து, எங்கே பிடிக்க வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்று குண்டூசி குத்தி, சாக்பீஸால் கோடு போட்டு, பின்கட்டில் இருக்கும் தையல்காரர்களுக்கு அனுப்புவார். கடையில் அவருக்குப் பெயரே டேப்பக்காதான்.

வாயும் லேசுப்பட்டதில்லை. "வலது தோள் இறங்கியிருக்கு, பையை எப்பவும் இந்தப் பக்கமே மாட்டுவீங்க போல" என்று அந்த ஆளுக்கே தெரியாததைச் சொல்லுவார். கோபித்துக்கொண்டு போனவர் ஒருவரும் இல்லை. அப்பாவுக்கு அளவெடுத்தவரே மகனுக்கும் எடுக்க வேண்டும் என்று தேடி வந்தவர்கள்தான் உண்டு.

நான் அவருக்கு நாத்தனார். கீழ் வீட்டில் அண்ணனும் அண்ணியும், மாடியில் நாங்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் பன்னிரண்டு வருடமாக கவுண்டரில் நிற்கிறேன். பொறுமை எனக்குக் கொஞ்சம் குறைச்சல். டாக்டருக்கே தெரியாதது எனக்குத் தெரியும் என்ற நினைப்பு மட்டும் குறைச்சலே கிடையாது.

ஒரு நாள் சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து அண்ணி வந்தார். எங்கேயோ பார்த்துக்கொண்டு, தன் கடையில் ஒருத்திக்கு வியர்வை நாற்றமாம், அதற்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டார். இந்த ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும். மூலம், வாயு, பேன், நாற்றம் என்றால் எங்கள் கடையில் யாரும் தனக்கென்று மருந்து வாங்கியதில்லை. எல்லாம் நண்பனுக்கு, இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கு. அந்த ஒருத்திக்கு எத்தனை நாளைக்குள் சரியாக வேண்டுமாம் என்று கேட்டேன். அண்ணி குனிந்து மேசைக் கண்ணாடியைப் பார்த்தார்.

"மாசக் கடைசிக்குள்ள."

அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. யாரோ ஒரு வாடிக்கையாளர் முதலாளியிடம் புகார் சொல்லியிருக்கிறார். முதலாளி அண்ணியைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமலே, ஒன்றாம் தேதியிலிருந்து பின்கட்டில் மிஷினில் உட்காருங்கள், போட்டுப் பார்க்கும் அறையை வேறு பெண் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது அண்ணி அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

"மிஷின்ல உக்கார எனக்கு வெக்கமில்ல. ஆனா நாறுதுன்னு எந்திரிக்கச் சொல்லி, அங்க போய் உக்கார மாட்டேன்" என்றார்.

இருபத்தைந்து நாள் இருந்தது. நான் விடுவேனா? துத்தநாக மாத்திரை ஒரு டப்பா, மக்னீசிய மாத்திரை ஒரு டப்பா எடுத்து வைத்தேன். உடம்பில் இந்த உப்புச்சத்துகள் குறைந்தால்தான் வாடை வரும் என்று பிரசங்கமே செய்தேன். டப்பாவின் மேல் அச்சடித்திருந்ததைப் படித்துச் சொன்னதுதானே ஒழிய, சோதித்துப் பார்த்துச் சொன்னதில்லை. தினம் ஒன்று என்று போட்டிருந்தது. நாள் குறைவாக இருக்கிறதே, இரண்டாகப் போட்டால் சீக்கிரம் கேட்குமா என்றார் அண்ணி. மகராசி நானும் தலையை ஆட்டினேன்.

துத்தநாகம் வெறும் வயிற்றில் போய்ப் பேருந்திலேயே குமட்டியது. மக்னீசியம் வயிற்றைக் கலக்கியது. ஒரு நாள் மாப்பிள்ளைப் பையன் ஒருவன் கையிரண்டையும் தூக்கிக்கொண்டு நிற்க, கோட்டில் இருபது குண்டூசி ஏறியிருந்த நேரத்தில், "தம்பி, அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி ஓட்டமாக ஓடியிருக்கிறார். கால் மணி நேரம் அந்தப் பையன் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நின்றானாம். நல்ல வளர்ப்பு, அசையவே இல்லை.

கைவைத்தியம் வேறு ஒரு பக்கம் நடந்தது. யாரோ சொன்னார்கள் என்று சமையல் சோடாவைத் தேய்த்ததில் தோல் வெந்து, இரண்டு நாள் இறக்கை விரித்த கோழியாக நடந்தார். வினிகரைத் தடவிக்கொண்டு படுத்ததற்கு, ஊறுகாய் ஜாடி பக்கத்தில் தூங்குவது போல இருக்கிறது என்று என் அண்ணன் பாயைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டான். படிகாரக் கட்டி பாவம், ஒரு கெடுதலும் செய்யவில்லை. வெந்தயம் ஊறிய தண்ணீரை மூன்று நாள் குடித்ததில் வியர்வையே வெந்தயமாக மணத்தது. இருந்த நாற்றம் போகவில்லை, துணைக்கு ஒரு கூட்டாளியையும் சேர்த்துக்கொண்டது.

தினமும் சாயங்காலம் மாடிப்படியில் நின்று, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்பார். பரவாயில்லை அண்ணி என்பேன். இன்னும் பத்து நாள்தான் பாக்கி என்று ஆனபோது எனக்கே பயம் பிடித்து, அவரை ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா மாத்திரை டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இத்தனை சாப்பிடச் சொன்னது யார் என்று கேட்டார். நான் சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனை அட்டையைக் கடைசி வரிவரைக்கும் படித்தேன். அண்ணி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஒரு சத்தும் குறையவில்லை என்று மறுநாள் தெரிந்தது. மாதவிலக்கு நிற்கிற வயதில் வேர்ப்பது கூடும், அது நோயில்லை, எல்லா மாத்திரையையும் நிறுத்துங்கள், சோப்புப் போட்டுக் குளித்து ஈரம் போகத் துடையுங்கள், போட்ட துணியைத் துவைக்காமல் மறுபடி போடாதீர்கள் என்றார். கடைசி வார்த்தையில் அண்ணிக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் துணியில் ஒரு மடிப்புக் கலைந்து யாரும் பார்த்ததில்லை என்று டாக்டரம்மாவிடமே சொல்லிவிட்டு வந்தார்.

அதற்கு மூன்றாம் நாள் கடைக்கு ஒரு பழைய கோட்டு வந்தது. கை இறுக்கமாகிவிட்டது, பிரித்துத் தளர்த்த வேண்டும். தையலைப் பிரிக்கும் முன் நீராவி இஸ்திரியை அந்த இடத்தில் வைத்து எடுப்பது அண்ணியின் வழக்கம். வைத்ததும் அக்குளிலிருந்து பழைய வாடை குப்பென்று எழுந்தது. இது அவருக்குப் புதிதில்லை. கோட்டு வாங்கிப் போகிற ஒவ்வொருவருக்கும் அவர் ஒப்பிக்கிற பாடமே இதுதான்: வேர்த்த துணியைத் துவைக்காமல் இஸ்திரி போடாதீர்கள், வாடை உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், சூடு பட்டால் எழுந்து வரும். அன்றைக்கும் இஸ்திரியும் கையுமாக அதே பாடத்தை ஆரம்பித்தவர் பாதியிலேயே வாயடைத்து நின்றுவிட்டார்.

கடைச் சிப்பந்திகளுக்குச் சீருடைக் கோட்டு உண்டு. முன்பு பருத்தியில் இருந்தது. போன வருட ஆரம்பத்தில் முதலாளி அதை மாற்றி, கசங்காத பளபளப்புத் துணியில் தைத்துக் கொடுத்தார். தானும் அதே துணியில் ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டார். அண்ணி உள்ளே போடும் சட்டையைத் தினமும் மாற்றுவார். மேலே போடும் கோட்டு மட்டும் கடையிலேயே ஆணியில் தொங்கும். துவைக்க வீட்டுக்கு வருவது மாதத்துக்கு ஒரு தடவை. காலையில் போனதும் முதல் வேலையாக அதற்கு நீராவி இஸ்திரி போட்டு, கத்தி மாதிரி மடிப்பு வைத்து, சூடு ஆறும் முன்பே மாட்டிக்கொள்வார். அந்த மடிப்பில் அவருக்கு அவ்வளவு பெருமை.

கோட்டைக் கழற்றி, உள்பக்கத்தைத் திருப்பி, அக்குளில் இஸ்திரியை வைத்துப் பார்த்தார். கன்னத்தில் அறைந்தது போல இருந்தது என்று என்னிடம் சொன்னார். குளித்துச் சுத்தமாகப் போன உடம்புக்கு நாற்றத்தைத் தினமும் சூடாக எடுத்து மாட்டிவிட்டது அவர் கைதான். அது உள்சட்டையிலும் ஏறி வீடு வரைக்கும் கூடவே வந்திருக்கிறது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மிஷினில் உட்கார்ந்து, அதே நிறத்தில் பருத்திக் கோட்டு இரண்டு தைத்தார். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். மாதக் கடைசி நாளன்று முதலாளி முன்னால் போய் நின்று விஷயத்தைச் சொன்னார். சீருடையை ஆளாளுக்கு மாற்ற முடியாது, புதுப் பெண்ணிடம் சொல்லியாகிவிட்டது என்றார் அவர். அண்ணி வாதாடவில்லை. முதலாளி போட்டிருந்த கோட்டை ஒரு நிமிடம் கழற்றித் தரச் சொன்னார். வாங்கி, உள்பக்கம் திருப்பி, இஸ்திரியை வைத்தார். முதலாளி ஒரு அடி பின்னால் போனார். அண்ணி நின்ற இடத்திலேயே நின்றார்.

"நான் பின்கட்டுக்குப் போறேன் சார், பரவாயில்ல. நீங்களும் பக்கத்து மிஷின்ல வந்து உக்காருங்க."

முதலாளி கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு அன்று முழுக்க வெறும் சட்டையோடு கடையில் நடந்தார். ஒன்றாம் தேதி அண்ணி போட்டுப் பார்க்கும் அறையில்தான் இருந்தார். அடுத்த வாரம் எல்லோருக்கும் பருத்தித் துணி வந்தது.

துணி வந்த அன்று சாயங்காலம் கீழ் வீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் கை தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். சிரித்து முடித்ததும் அண்ணி கேட்டார்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ஒரு வருஷமா அண்ணி" என்றேன்.

அண்ணி என்னை ஏற இறங்க ஒரு தடவை பார்த்தார்.

"நானும் எத்தன பேரு அக்குள்ல மூக்க வச்சிருக்கேன். மனசு நோகுமேன்னு ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. அத நல்ல குணம்னு நெனச்சேன். நீ அன்னிக்கே சொல்லியிருந்தா உன்கூட ரெண்டு நாள் சண்ட போட்டிருப்பேன், அவ்ளோதான். முதலாளி வாயால கேட்டிருக்க மாட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்புதான் அண்ணி என்றேன். அவர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"சரி, இனிமே மறைக்க வேணாம். நானும் சொல்லிடுறேன். ரெண்டு வருஷமா உன் வாய் நாறுது. கவுண்டர்ல குனிஞ்சு குனிஞ்சு பேசுற, பாவம் அந்த சனங்க."

சுருக்கென்று கோபம் வந்தது. எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை. வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனேன். கடைவாய்ப் பல் இரண்டு சொத்தை என்றார். அண்ணியும் லீவு போட்டுவிட்டு வந்து வெளியே உட்கார்ந்திருந்தார்.