துரைசாணிக்கு வேண்டியிருந்த இடது கை

கல்யாணமான மறு வருஷம் காரவள்ளியிலிருந்து கால்நடையாகக் கொல்லிமலை ஏறினேன். அங்கே ஒரு வெள்ளைக்காரரின் காப்பித் தோட்டத்தில் என் வீட்டுக்காரருக்குக் கணக்கெழுதும் ரைட்டர் வேலை. எனக்குப் பத்தொன்பது வயது.

ஒருநாள் குரங்குகள் பலாப்பழத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தன. மூன்று கல் எடுத்து வீசினேன். மூன்றும் குறி தப்பவில்லை. பின்னால் யாரோ கை தட்டினார்கள். திரும்பினால் துரைசாணி, தோட்டத்துத் துரையின் மனைவி. என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்பவும் இந்தக் கைதானா?" சமையல்காரரிடம் பழகிய தமிழில் கேட்டார்.

"சோறு மட்டும் அந்தக் கைங்க. மத்ததெல்லாம் இதுலதானுங்க" என்றேன், குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல. இடது கைப் பழக்கத்துக்காக அம்மாவிடம் வாங்கிய அடிகள் கொஞ்சமல்ல.

துரைசாணி தன் ஊரில் பேர்போன ஆட்டக்காரி என்பது அப்புறம்தான் தெரிந்தது. நாலு சுவருக்குள் இரண்டு பேர் நின்று, சின்ன ரப்பர் பந்தை மாற்றி மாற்றிச் சுவரில் அடிக்கிற ஆட்டம். ஸ்குவாஷ் என்றார். பெண்களுக்கான பெரிய போட்டியில் இரண்டு தடவை ஜெயித்திருக்கிறார். மூன்றாம் தடவை ஓர் இடக்கைக்காரி தோற்கடித்துவிட்டாள். அதன்பின் கல்யாணம், கப்பல், இந்த மலை. ஆனாலும் அந்தத் தோல்வி அவரை விடவில்லை. வருகிற குளிர்காலத்தில் ஊர் போய் அவளோடு மறுபடி மோத வேண்டும். அதற்குள் பழகிப் பார்க்க ஓர் இடது கை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

"பொம்பளப்புள்ள மட்டை புடிச்சா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"கிடங்குக்குள்ள யாருங்க பாக்கப்போறாங்க?" என்றேன். துரைசாணி கேட்டதை மறுக்கவும் முடியாது. வீட்டுக்காரர் சம்மதித்தார்.

காப்பிக்கொட்டை வருவதற்கு இன்னும் மாதங்கள் இருந்தன. கிடங்கு காலியாகக் கிடந்தது. சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். துரைசாணி எனக்குச் சொல்லிக்கொடுக்க வரவில்லை, ஜெயிக்க வந்தார். முதல் வாரம் ஓடி ஓடி எனக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

இரண்டாம் மாதம் ஒருநாள், இடது சுவரை ஒட்டி ஓர் அடி அடித்தேன். பந்து மூலையில் விழுந்து எழும்பவே இல்லை. துரைசாணி மட்டையைத் தரையில் வீசினார்.

"அவளும் இப்படித்தான் அடிச்சா!"

முகம் சிவந்து கண் கலங்கியிருந்தது. பயந்துபோய் ஒதுங்கினேன். கொஞ்ச நேரத்தில் அவரே மட்டையை எடுத்துக்கொண்டார்.

"அதையே அடி. நான் எடுக்கற வரைக்கும் அடி."

அன்று எத்தனை தடவை அடித்தேன் என்று தெரியாது. கை மரத்துப்போயிற்று. கடைசியில் அந்தப் பந்தைத் திருப்பி அடித்துவிட்டார். அவர் புறப்படுவதற்கு முந்தைய வாரம் ஓர் ஆட்டம் நான் ஜெயித்தேன். வந்து என் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான்கைந்து மாதம் கழித்துத் துரைக்கு வந்த கடிதத்தோடு எனக்கும் ஒரு தாள் வந்தது. வீட்டுக்காரர் படித்துச் சொன்னார். இறுதி ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டத்திலேயே துரைசாணி தோற்றுவிட்டார். தோற்கடித்தவள் பதினெட்டு வயதுப் பெண், வலக்கைக்காரி. அந்த இடக்கைக்காரி போட்டிக்கே வரவில்லையாம். குழந்தை பிறந்து ஆட்டத்தை விட்டுவிட்டாளாம். இனித் தானும் ஆடப்போவதில்லை என்று எழுதியிருந்தார்.

வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாவம், யாருக்கோ பழகி யாருகிட்டயோ தோத்துட்டு நிக்கிறாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் தெரியாத அந்தப் பெண்ணாக நான்தானே இத்தனை நாள் அந்தக் கிடங்கில் நின்றேன். அவள் ஏன் விட்டாள், விட்டபோது அவளுக்கு எப்படி இருந்தது என்றெல்லாம் யோசனை ஓடியது.

"பதில் எழுதோணுமே. என்னன்னு எழுதட்டும்?" என்றார்.

"ரொம்ப நல்லா ஆடுனீங்கன்னு எழுதுங்க."

"நீ பாத்தியாக்கும்?"

"அவுங்க ஆட்டம் எனக்குத் தெரியுமுங்க" என்றேன். அப்படியே எழுதினார்.