அத்தை வேடம்

"நிகத், நீங்க வாசிச்சது மூணாவது வரிசையைத் தாண்டலீங்க," என்றான் நாடகக் குழுவை நடத்திய ஹரீஷ்குமார்.

"மைக் இருக்குமில்ல?"

"மைக் வெச்சாலும் அத்தை அத்தை மாதிரி இருக்கணுமே! நீங்க ஆஸ்பத்திரியில பேரு குடுக்கற மாதிரி வாசிக்கறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவன், நிகத்தோடு வேலை பார்க்கும் சுசித்ராவைக் கூப்பிட்டான்.

"நானா? எனக்குத் தமிழ் படிக்க வராது சார்."

"வாய் இருக்கில்ல? நிகத் சொல்லுவாங்க, திருப்பிச் சொல்லு."

நிகத் சொன்னாள். சுசித்ரா இடுப்பில் கையை ஊன்றி, எதிரே மாப்பிள்ளை வேடத்தில் நின்றவனை மேலும் கீழும் பார்த்தாள். "ரசத்துல உப்பு ஜாஸ்தி. இன்னைக்கே கெளம்பு." கூடம் அதிர்ந்தது.

அப்படித்தான் அத்தை வேடம் கைமாறியது. ஓசூரில் அவர்கள் கம்பெனிக் குடியிருப்பின் ஆண்டு விழாவுக்கான நாடகம் அது. விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கில நகைச்சுவை. பெண் கேட்டு வந்தவனைச் சமையல்காரன் என்று நினைத்து விரட்டும் பணக்கார அத்தையின் கதை. மூன்று மாதம் உட்கார்ந்து தமிழாக்கியவள் நிகத். அத்தையின் ஒவ்வொரு வரியையும் குளியலறையில் தானே நடித்துப் பார்த்து எழுதியிருந்தாள்.

சுசித்ராவுக்குக் கர்நாடக எல்லையில் தளிப் பக்கம் ஊர். அப்பா முட்டைக்கோஸ் போடுகிறவர், வீட்டில் கன்னடம். பத்தாவது முடித்துக் கம்பெனிக்கு வந்தவள் தமிழைக் கேன்டீனில்தான் கற்றாள், முதலில் சண்டை போட, பிறகு சோறு கேட்க. சூப்பர்வைசர் வெங்கடப்பனை அவர் முகத்துக்கு நேராகவே நடித்துக் காட்டுவாள்; அவரும் சிரிப்பார். அவள் ஒரு நாள் வராவிட்டால் ஆளாளுக்கு விசாரிப்பார்கள். பக்கத்து மெஷினில் எட்டு மணி நேரம் நின்ற நிகத்தையோ, "நேத்து நீ லீவா?" என்பார்கள். வேடம் கிடைத்த பிறகு சுசித்ராவுக்குப் பெயரே அத்தை என்றாகிவிட்டது.

சாப்பாட்டு இடைவேளைகளில் நிகத்தான் அவளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தாள். வயிறு எரிந்தது. ஒரு நாள் வேண்டுமென்றே ஒரு வரியை உப்புச்சப்பில்லாமல் ஒப்பித்தாள். ஒத்திகையில் சுசித்ரா அதை அப்படியே, முகத்தில் ஓர் அசைவுமில்லாமல் சொன்னாள். அதற்குத்தான் ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது.

விழா வாரத்தில் ஷிப்ட் பட்டியல் ஒட்டினார்கள். ஞாயிறு நிகத்துக்கு முதல் ஷிப்ட், சுசித்ராவுக்கு இரண்டாவது, மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை. நாடகம் மாலை ஆறுக்கு. மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதே வகை மெஷினில் பழகியவரோடு மட்டும். அந்த வகையில் பழகியவர்கள் இவர்கள் இருவர்தான்.

"அவ வரலன்னா நீங்கதாங்க," என்றான் ஹரீஷ்குமார். "வசனம் தெரிஞ்ச ஆள் வேற யாரு?"

நிகத் அன்றே பட்டுப் புடவையைத் தேய்த்து மாட்டிவைத்தாள். இரண்டு நாள் சாப்பாட்டு இடைவேளையில் சுசித்ராவின் கண்ணில் படாமலே இருந்தாள்.

சனிக்கிழமை சுசித்ரா தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஊர்லேர்ந்து அப்பா வர்றாருக்கா. தமிழ் அவருக்கு அரைகுறைதான். நான் பேசினா நாலு ஜனம் சிரிக்கறதக் கேக்கணுமாம்."

நிகத் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, நாளைக்கு ஒரு நாள் என் ஷிப்ட் நீங்க பாக்கறீங்களா?"