கடையின் இருட்டில் விழுந்த மூன்று கோடுகள்

கரியாலூரிலிருந்து இறங்கும் பஸ்ஸில்தான் அது தோன்றியது. மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளின் மேல் சாய்ந்து இரண்டு பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வளைவில் இரண்டு தலைகளும் ஒரே பக்கம் சரியும், அடுத்த வளைவில் திரும்பி வரும். இதை மரத்தில் செதுக்க வேண்டும், இன்றைக்கே. கள்ளக்குறிச்சி வரும்வரை டிக்கெட்டின் பின்புறம் கிறுக்கிக்கொண்டே வந்தேன். எனக்கு எதையும் ஆறப்போடத் தெரியாது.

மரப்பலகையில் செதுக்கிப் படம் அச்செடுக்கும் எங்கள் பட்டறை ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இருக்கிறது. மூன்று பேருக்கும் பொது. நான் போனபோது யாரும் இல்லை. என் மாம்பலகையில் பெண்களைப் பென்சிலால் வரைந்துவிட்டு உளியைத் தீட்டினேன். கூர் வந்துவிட்டதா என்று கழிவுப் பலகையில் இரண்டு மூன்று இழுப்பு இழுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். மேசையில் செய்தித்தாளுக்கு வெளியே ஒரு பலகையின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. கீறலே இல்லாத வெற்று மரம். சர், சர், சர். நல்ல கூர்.

பிறகுதான் தாளை விலக்கினேன்.

அது எங்கள் பட்டறைத் தோழியின் பலகை. சின்னசேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவளுடைய அப்பா, அவள் வாயில் அத்தா, அதில் செதுக்கிய உருவமாக உட்கார்ந்திருந்தார். ஒரு மாத வேலை. நான் கீறியது அவர் தலைக்குப் பின்னால் இருக்கும் கடையின் இருட்டை. செதுக்கிய இடம் அச்சில் வெள்ளையாக விழும், செதுக்காமல் விட்ட இடம்தான் கறுப்பு. முதல் வாரமே படித்த பாடம். அந்த இருட்டுக்காகத்தான் அவள் அங்கே உளியை வைக்கவே இல்லை.

தாளைப் பழையபடி மூடிவிட்டு வந்துவிட்டேன். இதை எழுதவே கை கூசுகிறது.

மறுநாள் காலை அவள் மை தடவி, காகிதம் போட்டு, கரண்டியின் முதுகால் தேய்த்து உரித்தாள். அத்தாவின் தலைக்கு மேல் மூன்று வெள்ளைக் கோடுகள்.

"இன்னாம்மா, அத்தா கடைல டியூப்லைட் போட்டுட்டாரா?" என்றார் எங்களில் மூத்தவரான அண்ணன்.

"கிண்டல் பண்ணாதீங்கண்ணா. எப்பவோ உளி வழுக்கியிருக்கு, எனக்கே தெரியல. ஞாயித்துக்கிழமை கண்காட்சிக்கு அவரு வராரு. என் வேலைய இதுவரைக்கும் பார்த்ததே இல்ல. எனக்குப் பொறுமை கம்மின்னு வூட்ல சொல்றது சரியாத்தான் இருக்கு."

"பரவால்ல, பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்றேன். நானேதான்.

அவள் பலகையைத் துடைத்து உளியை எடுத்தாள். "வேற வழியில்ல. சுத்தியும் கோடு கோடா வெட்டிடறேன். வெயில் வந்த மாதிரி ஆயிடும்."

இருட்டு போனால் அந்த முகமும் எடுபடாது. அது அவளுக்கும் தெரியும். உளி மரத்தைத் தொட்டது.

"வெட்டாத. அது நான்தான். முந்தாநாள் கூர் பார்த்தேன்... இல்ல, நேத்து."

நாள்கூட ஒழுங்காக வாயில் வரவில்லை. அண்ணன் கையிலிருந்த மை ரோலரைக் கீழே வைத்தார்.

"வெட்டுனதுகூடப் போவுது" என்றாள் அவள். "நான் என் கையத் திட்டிக்கினு இருக்கேன், நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிக்கினு நிக்கிறியே!"

காது இரண்டும் சுட்டன.

"ஒட்டு போட்டுப் பார்க்கலாம்" என்றார் அண்ணன். கோடு விழுந்த இடத்தைச் சதுரமாகத் தோண்டி, ரேகை ஒத்துப்போகிற மாமரத் துண்டைப் பசையிட்டு இறக்கி, மட்டமாகத் தேய்க்க வேண்டும். எங்களில் யாரும் செய்து பார்த்ததில்லை.

"அவனே போடட்டும். மொதல்ல அவன் பலகைல போட்டுக் காட்டட்டும்" என்றாள்.

மரவாடியில் துண்டு வாங்கி வந்துவிட்டேன். நாளைக் காலை, வரைந்து வைத்த அந்த இரண்டு பெண்களின் மேலேயே மூன்று கோடுகள் இழுக்கப்போகிறேன். தோண்டி, ஒட்டி, காய்ந்ததும் மை தடவிப் பார்ப்பேன். கறுப்பு ஒரே சீராக விழுந்தால்தான், அவள் பக்கத்தில் நிற்கும்போது, அவள் அத்தாவின் கடையில் கை வைப்பேன்.