பாஸ்தாப் பெட்டியில் வெட்டிய சாளரம்

றெஜினா அக்கா போய்விட்டார் என்று சொல்ல, அவர் வேலை செய்த லிபெர்த்தாத் தெரு வீட்டுக்காரி, இத்தாலியச் சிஞ்ஞோரா, எனக்கு அழைத்தபோது, வியா மக்வேதாக் கடைத்தெருவில் சனத்துக்குள் நின்றேன். இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் அழுதுகொண்டே மறுபடியும் சொன்னார்.

பலெர்மோத் தமிழருக்கு அக்காவைத் தெரியாமலிராது. மன்னார்க்காரி. பகல் முழுதும் பிறர் வீட்டுத் தரை துடைத்து, மிச்ச நேரத்தில் வானத்தைப் படமெடுத்தவர். கமரா அவருடையது, தொலைநோக்கி என்னுடையது. இரண்டையும் பூட்டினால் வானத்தில் எவ்வளவு அகலம் படத்துக்குள் வரும் என்பதில்தான் எங்கள் சண்டையெல்லாம். நான் கைபேசியில் கணக்குப் பார்ப்பேன். அவர் பாஸ்தாப் பெட்டி அட்டையில், கமராவுக்குள் படம் விழும் சென்சரின் அளவுக்கு ஒரு சாளரம் வெட்டி வைத்திருந்தார். அதில் தொலைநோக்கியின் குவியத்தூரத்துக்கு, நாற்பது சென்ரிமீற்றர், ஒரு நூல். நூல் நுனியைப் பல்லில் கடித்து, அட்டையை இழுத்துப் பிடித்து, ஒரு கண்ணால் பார்ப்பார். அதற்குள் தெரிவதுதான் படத்தில் வரும். ஒருநாளும் பிழைத்ததில்லை. “முதல்லை எவ்வளவு வேணுமெண்டு பார். பிறகு எவ்வளவு பெருசெண்டு கதை” என்பார்.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பங்குக் கோயில் மண்டபத்தில் தொங்கும் பிறைப் படத்தை எல்லாரும் மெச்சுகிறீர்கள். அது அக்கா எடுக்க நினைத்த படமே அல்ல.

அவருக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை நடப்பதற்கு முதல்நாள் மாலை, பிறையும் வெள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அடுத்த நாள் விலகிவிடும். இரண்டும் ஒரே படத்தில் வேண்டும் என்பது அவருடைய ஆசை. “நாளைக்கு என்ன நடக்குமோ தெரியாது தம்பி, இதை எடுத்துப்போட்டுப் போறன்” என்று தொலைபேசியில் சொன்னார். சின்னத் தொலைநோக்கியைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு தரம் சொன்னார்.

நான் கொண்டுபோனது புதிதாக வாங்கிய பெரியதை. குவியத்தூரம் மூன்று மடங்கு; படத்துக்குள் வரும் வானமோ மூன்றில் ஒரு பங்கு அகலந்தான். புதியதைக் காட்டிப் பெருமைப்படவேண்டுமென்ற புளுகம், வேறொன்றுமில்லை.

ஒரேத்தோப் பகுதியில் அவர் குடியிருந்த கட்டடத்து மொட்டைமாடியில் பூட்டினேன். கமராத் திரையில் பிறை பெரிதாய் நின்றது. வெள்ளி இல்லை. கமராவைக் கோணலாகத் திருப்பினேன். அப்போதும் இல்லை. மலைக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் பிறை இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு ஓடிச் சின்னதை எடுத்துவர நேரமில்லை. கமராவுக்கு வேறு லென்சும் இல்லை. தனித்தனியே எடுத்து ஒட்டலாம் என்றேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

“ஒட்டினா அது நாங்கள் கண்டது இல்லை.”

கத்தி ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அட்டையை எடுத்து, நூலைக் கடித்துக்கொண்டு, பிறை மலைக்குப் பின்னால் மறையும்வரை அப்படியே நின்றார். நான் பிறையை மட்டும் எடுத்தேன்.

சத்திரசிகிச்சையில் தப்பி வந்தார். ஆனால் படி ஏறக்கூடாது என்று டொக்டர் மறித்துவிட்டார். அதன்பிறகு அவர் மொட்டைமாடிக்குப் போகவேயில்லை. படத்தை மண்டபத்தில் மாட்டிய நாளில், தம்பி வடிவாய் எடுத்திருக்கிறான் என்று எல்லாரிடமும் சொன்னார். நான், வெட்கங்கெட்டவன், வாயைத் திறக்காமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றேன்.

அடக்கம் முடிந்தபிறகு, அக்கா தன்னிடம் கொடுத்து வைத்ததென்று சிஞ்ஞோரா ஓர் உறையைத் தந்தார். உள்ளே இரண்டு அட்டைகள். ஒன்று பழையது, நூல் நுனி பல் பட்டு நைந்திருந்தது. மற்றது புதியது. அதே நீள நூல், சாளரம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு, விரல் நகமளவு. என் பெரிய தொலைநோக்கிக்கென்று வெட்டியது. பின்பக்கத்தில் அவருடைய எழுத்து: “குமார், இதுக்குள்ளை நிலா மட்டுந்தான் வரும். பாத்திட்டுப் பெருசைக் கொண்டுபோ.”

நடு றோட்டில் நின்று அழுதேன்.

இரண்டும் என்னிடம் இருக்கின்றன. புதியதைப் பாவிக்கிறேன். பழையதன் நூலை என் பல்லில் வைக்க மனம் வரவில்லை. அன்று மாலை பிறையும் வெள்ளியும் ஒன்றாய் நின்றது அந்த அட்டைக்குள் மட்டுந்தான்.