பீரோக்காரருக்குப் போட்ட ஊசி

என் வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பீரோ, பீரோ அண்ணன், தலை நரைத்த பிறகு பீரோ ஐயா. வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குவது அவர் தொழில். கட்டில், ஃபிரிட்ஜ், தையல் மெஷின் எல்லாம் தூக்குவார். ஆனால் இரும்பு பீரோவைத் திருப்பமுள்ள குறுகலான மாடிப்படியில், சுவரில் ஒரு கீறல் விழாமல் ஏற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தப் பெருமையும் கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணமான புதிதில் என்னை யாருக்காவது அறிமுகம் செய்தால், "இவ என் சம்சாரம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அன்றைக்கு ஏற்றிய பீரோவுக்குத் தாவிவிடுவார்.

அவர் வேலையை விட்ட சில மாதங்களில் எனக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்துவிட்டன. தினமும் பயிற்சி செய்யச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். இவர் அதைக் காதில் வாங்கினால்தானே. "நான் எதுக்கு இருக்கேன்? நீ சும்மா இரு" என்றார். அன்று முதல் காலையில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, அங்கிருந்து குளியலறைக்கு, மறுபடி கட்டிலுக்கு என்று அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டு போவார். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அறுபது வயதுக்கு மேல் எந்தப் பெண்ணைப் புருஷன் தூக்கிக்கொண்டு நடக்கிறான், சொல்லுங்கள்?

பிறகு அவருக்கும் ஒரு நோய் வந்தது. சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று டாக்டரிடம் போனவர், புராஸ்டேட் புற்றுநோய் என்ற செய்தியோடு வந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏற்கெனவே ஓடாத கால் வேறு. ஆனால் டாக்டர் நல்ல மனுஷர். சில மாதங்களுக்கு ஒருமுறை ஊசி போட்டால் ஆண்களுக்கான ஹார்மோன் அடங்கும், அது அடங்கினால் நோயும் அடங்கும் என்று விளக்கினார். சொன்னபடியே அடங்கியது. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் நோயின் அளவைக் காட்டும் எண் குறைந்துகொண்டே வந்தபோது என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அந்த டாக்டரை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

ஊசியோடு சில வேடிக்கைகளும் வந்தன. திடீர் திடீரென்று உடம்பு காந்தும். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஃபேனுக்கு அடியில் போய் நிற்பார். "இப்பத் தெரியுதா? எனக்கு மாசம் நின்ன சமயத்துல இப்படித்தான் எரிஞ்சுச்சு. நீங்க என்ன சொன்னீங்க? எல்லாம் மனசுலதான் இருக்குன்னு சொன்னீங்க" என்று நான் சந்தோஷமாகக் கேட்டேன். அவர் ஃபேனை இன்னும் வேகமாக வைத்தார்.

வேடிக்கையில்லாத ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. வயிறு போட்டது, கையும் தொடையும் இளைத்தன. பாட்டில் மூடியைத் திறக்கத் துணியைத் தேடினார். மொட்டைமாடிக்குப் போகும் படியில் பாதியில் நின்று, யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்ப்பார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். வீட்டிலிருக்கிறவளுக்கு இதெல்லாம் தெரியாதா? அவர் என்னைத் தூக்கும்போது என் முதுகுக்கு அடியில் அந்தக் கைகள் நடுங்குவது எனக்குத்தான் முதலில் தெரிந்தது. சொன்னால் மனசு உடைந்துவிடுவார் என்று சொல்லவில்லை.

ஒரு நாள் காலை, என்னைத் தூக்கிய பாதியில் அவர் முழங்கால் மடங்கிவிட்டது. கட்டிலைப் பிடித்துக்கொண்டே சரிந்ததால் அடி படவில்லை. ஆனால் இரண்டு பேரும் தரையில். அவருக்கு எழ முடியவில்லை. எனக்கு எப்போதுமே முடியாது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல் சுவரில் சாய்ந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் சிரித்துவிட்டேன். அவர் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். கடைசியில் நான் போட்ட சத்தம் கேட்டு மாடி வீட்டுத் தையல்காரர் வந்து எங்கள் இருவரையும் எழுப்பி உட்கார வைத்தார்.

செய்தி மகளுக்குப் போனது. அவள் தொலைவில் வேறு ஊரில் ஆசிரியையாக இருக்கிறாள். வந்தாள், பார்த்தாள், முடிவு செய்துவிட்டாள்.

"அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்ப்பா. உங்களுக்கு ஊசி, டாக்டர் எல்லாம் இங்க. என் வீட்டுல ஒரு ஆளுக்குத்தான் இடம். பரீட்சை முடிஞ்சதும் வந்து அழைச்சிட்டுப் போறேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் கோபம் கோபமாக வந்தது. இவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவள் கிளம்பிப் போன பிறகு, "அந்த ஊசிய நிறுத்திட்டா பழைய தெம்பு வந்துடும். இனிமே போட்டுக்கப் போறதில்ல" என்றார்.

"ஊசிய நிறுத்துங்க, நான் இப்பவே அவ வீட்டுக்குப் பஸ் ஏறிடறேன். என்னத் தூக்க ஒரு ஆள் இல்லாம இருந்துப்பேன். நீங்க இல்லாம இருக்க மாட்டேன்" என்று கத்தினேன். கத்தியதில் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு டாக்டரிடம் இதைச் சொன்னோம். ஊசியை நிறுத்தக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, தசையைப் பயிற்சியால் காப்பாற்றலாம் என்று பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்.

அங்கே இருந்தவள் எங்கள் மகளைவிடச் சின்னவள். "ஐயா, கைய மார்புல கட்டிக்கிட்டு இந்த நாற்காலியிலிருந்து எந்திரிங்க" என்றாள். இவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார், பீரோ தூக்கினவனிடம் இதையா கேட்பது என்று. எழப் பார்த்தார். முடியவில்லை. அந்தச் சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவளோ ஒரு மெத்தையை மடித்து நாற்காலியில் போட்டு உயரமாக்கி, "இப்ப முயற்சி பண்ணுங்க" என்றாள். எழுந்துவிட்டார்.

பயிற்சி அப்படித் தொடங்கியது. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரைக் கையால் தள்ளுவது, ரப்பர் பட்டையை இழுப்பது. முட்டையும் பருப்பும் கூடுதலாகச் சாப்பிடச் சொன்னாள். மெத்தையின் உயரம் மெல்ல மெல்லக் குறைந்தது. சோர்வாக இருக்கிறது என்று படுத்துக்கொள்ளும் நாட்களும் உண்டு. அன்றைக்கு என் வாய் ஓயாது.

ஒரு நாள் அந்தப் பெண், வீட்டில் என்னை எப்படித் தூக்குகிறார் என்று செய்து காட்டச் சொன்னாள். என் தோளுக்கு அடியில் ஒரு கை, முழங்காலுக்கு அடியில் ஒரு கை என்று குனிந்து காட்டினார்.

"அப்ப அம்மா என்ன பண்ணுவாங்க?"

"அவ என்ன பண்ணுவா? அவ சும்மா இருப்பா."

"நீங்க பீரோ தூக்கும்போது எதிர்ப்பக்கம் இருக்கிறவர் சும்மா இருந்தா?"

"செவுல்ல ஒண்ணு விட்டிருப்பேன்."

என் வலது காலைப் பார்த்தார். பக்கவாதம் தொடாத, நல்ல கால். இத்தனை காலம் வேலையில்லாமல் தொங்கிக்கொண்டிருந்த கால். "இவளுக்கு ஒரு கால் நல்லாத்தானே இருக்கு" என்று, ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவர் போல் அந்தப் பெண்ணிடமே சொன்னார்.

அதற்குப் பிறகு எனக்கும் பயிற்சி. கட்டிலின் விளிம்புக்கு நகர வேண்டும். பாதத்தை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். மூக்கு முழங்காலைத் தாண்டும்வரை முன்னால் சாய வேண்டும். என் இடுப்பில் ஓர் அகலமான பட்டையைக் கட்டி அதை இவர் பிடித்துக்கொள்வார். பீரோ தூக்குகிறவர்களுக்குள் ஒரு முறை இருக்கிறதாம்: படியைப் பார்க்க முடியாமல் பின்பக்கமாக ஏறுகிறவனுக்குத்தான் பயம் அதிகம், அதனால் அவன் வாய் திறந்து சொல்லாமல் மற்றவன் தூக்கக் கூடாது. "இங்க பயம் உனக்குத்தான். அதனால நீதான் சொல்லணும். நீ 'ம்' சொல்லாம நான் இழுக்க மாட்டேன்" என்றார். எத்தனையோ நாள் காலையில் நான் 'ம்' சொல்லப் பயந்து உட்கார்ந்திருந்தேன். பட்டையைப் பிடித்தபடி அவர் காத்து நின்றார். அவசரப்படுத்தவே இல்லை. மூக்கின் மேல் கோபம் வைத்திருந்த மனுஷர் எப்படி இப்படி மாறினார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஊசியின் வேலையென்றால் அதற்கும் சேர்த்து நன்றி.

பரீட்சை முடிந்தது. சொன்னபடி மகள் வந்தாள். பெரிய பையில் என் துணிகளை அடுக்கிவிட்டுத்தான் எங்களோடு பேசவே உட்கார்ந்தாள். நாங்கள் அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. நேரில் காட்டலாம் என்று இவர் பிடிவாதம். ஆனால் அன்று காலையில் அவருக்கு உடம்பு காந்தி, வேர்த்துக் கொட்டி, முகம் வெளிறிக் கிடந்தது. இன்றைக்கு மட்டும் முடியாமல் போனால் மாலையில் நான் பஸ்ஸில் இருப்பேன்.

"நீங்க உட்காருங்கப்பா, அம்மாவ நான் தூக்கறேன்" என்று மகள் வந்தாள்.

"தள்ளி நில்லு" என்றார். கையை எங்கும் ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவள் கண் அகலமாயிற்று. பட்டையைக் கட்டினார். பிடித்தார். காத்திருந்தார்.

நான் முன்னால் சாய்ந்தேன். "ம்" என்றேன்.

நின்றேன். என் காலில் நான் நின்றேன். அவர் தோள் பக்கத்தில் இருந்தது. மெதுவாகத் திரும்பிச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தேன். அவருக்கு மூச்சு வாங்கியது, எனக்கும்தான்.

மகள் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "அம்மா, நீ எப்பம்மா இப்படி நிக்க ஆரம்பிச்சே?"

"உங்கப்பாவுக்குத் தெம்பு போனதுக்கப்புறம்" என்றேன்.

அவள் அழத் தொடங்கினாள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பட்டையை மறுபடி கையில் சுற்றிக்கொண்டே, "இன்னொரு தடவ எந்திரி. அவ சரியா பாக்கல" என்றார்.

எழுந்தேன்.