கம்ப்யூட்டர் சூடும் ஸ்டெல்லாவின் வேலையும்

அடுத்தவர் எழுதிய கம்ப்யூட்டர் கோடில் குற்றம் கண்டுபிடித்தால் சம்பளம் தருவார்கள். அதற்கு ரிவ்யூ என்று பெயர். இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், வைட்ஃபீல்டில், மெஷினின் சூட்டைக் கவனிக்கும் கோடு ஒன்று என் தலையில் விழுந்தது. எழுதியவள் ஸ்டெல்லா, காண்ட்ராக்ட் என்ஜினியர். அது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உள்பகுதியான கெர்னலில் சேர்ந்துவிட்டால் அவளைப் பர்மனென்ட் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

பதில் சொல்லாத சென்சார்

சூட்டை அளக்கும் சென்சார் பதிலே தராவிட்டால், சூடு இல்லை என்று எடுத்துக்கொண்டு ஃபேனை நிறுத்தியது அவள் கோடு. பதில் வராவிட்டால் ஆபத்து என்று வைத்து, ஃபேனை முழு வேகத்தில் ஓட்டச் சொன்னேன். சண்டைக்கு வருவாள் என்று பயந்திருந்தேன். சிரித்துவிட்டாள்.

"கரெக்ட் சார். எங்க வீட்ல அம்மா பேசாம இருந்தாதான் பயமே."

ஆபீஸ் குளிர்

டெஸ்ட் பண்ணச் சூடு வேண்டும். எங்கள் ஆபீஸ் ஏசியில் நாங்களே ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தோம். மெஷின் எங்கே சூடாவது? மேனேஜரிடம் அனுமதி வாங்கி, லேப்டாப்பை ஜோகுபாளையத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள் ஸ்டெல்லா. ஏப்ரல் மாதம், ஷீட் போட்ட வீடு. சூடு ஏற ஏற ஃபேன் வேகம் பிடித்தது, பிறகு மெஷின் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது, கடைசியில் தானாக அணைந்தது. எல்லாம் கோடில் எழுதியபடியே.

திங்கட்கிழமை வந்து சொன்னபோது எனக்கு ரொம்பச் சந்தோஷம். அம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"'நம்ம ஃபேன் ரிப்பேராகி எத்தனை நாளாச்சு, இதுக்கு மட்டும் எப்படி சுத்துது பாரு'ன்னாங்க சார்."

அவசரம்

அவளுக்காக மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு வரிவரியாகப் பார்த்தேன். நான் சொன்ன திருத்தங்களை அன்றன்றைக்கே முடித்து அனுப்பினாள். 'சேர்த்துக்கொண்டோம்' என்று வெளிநாட்டில் கெர்னலைக் கவனிப்பவர்களிடமிருந்து மெயில் வந்ததும் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள்.

வேலை முடிந்ததென்று, இந்தக் கோடைக் கேட்டிருந்த கஸ்டமர் அந்த வாரமே ப்ராஜெக்டை மூடிவிட்டார். பர்மனென்ட் பேச்சை எடுத்தேன். மேனேஜர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கோடுதான் உள்ள போயாச்சே, இன்னும் ஆள் எதுக்குப்பா?"

கடைசி நாள்

ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் சீட்டுக்கு வந்தாள் ஸ்டெல்லா. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

"நீங்க கொஞ்சம் மெதுவா ரிவ்யூ பண்ணிருக்கலாம் சார்."

ரிவ்யூவை இழுத்தடிக்கிறேன் என்று எத்தனையோ பேர் என்னை ஏசியிருக்கிறார்கள். சீக்கிரம் முடித்துக் கொடுத்ததற்காக மனசு நொந்தது அந்த ஒரு தடவைதான்.